வாசகர் கேள்வி - பதில்: மருந்து வாசம் அடிச்சா ஸ்விம்மிங் பூல் சுத்தமா?

கேள்வி: அண்ணே, லீவுக்கு ரெண்டு பிள்ளைகளையும் ஸ்விம்மிங் கிளாஸ்ல சேத்து விட்டுருக்கேன். கேட்டுக்கிட்ட போகும்போதே குளோரின் வாசம் மூக்கத் தொளைக்குது, வீட்டுக்கு வந்தா பிள்ளைக கண்ணு கோவப்பழமா இருக்கு. கேட்டா "மருந்து நல்லா போட்டுருக்கோம்மா, அதான் வாசம்"ங்கிறாங்க. சுகாதார ஆய்வாளர் வந்து பாத்துட்டுப் போயாச்சுன்னும் சொல்றாங்க. நம்பி அனுப்பலாமா?
- வாசகி, உச்சிப்புளி

பதில்: தங்கச்சி, மருந்து சரியா இருக்குற பூல்ல வாசம் பெருசா வராது. நீங்க சொல்ற அந்த காட்டமான வாசம் குளோரமைன், அதாவது குளோரின் போயி வேர்வை, பிள்ளைக தண்ணிக்குள்ளயே போற ஒண்ணுக்கு இதுகளோட சேந்து உண்டாகுறது. கண்ணு செவக்குறதும் இருமல் வர்றதும் பெரும்பாலும் அதனாலதான். அப்ப அங்க மருந்து கூடல, கிருமியக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடயும் தலைக்குத் தேச்ச எண்ணெயோடயும் மல்லுக்கட்டியே தீந்துபோச்சுன்னு அர்த்தம்.

தண்ணியில ஃப்ரீ குளோரின், அதாவது அழுக்கோட சேராம கிருமியக் கொல்ல மிச்சமிருக்குற குளோரின், லிட்டருக்கு 1ல இருந்து 3 மில்லிகிராம், பிஎச், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மைய காட்டுற நம்பர், 7.2ல இருந்து 7.8, இதுக்குள்ள நிக்கணும். இதுல பிஎச்ச யாரும் கண்டுக்குறதில்ல, அங்கதான் நம்ம பக்கம் சிக்கல். ராமநாதபுரம் கடக்கரை போர் தண்ணி பல ஊர்ல உப்பு, கடினத்தன்மையும் ஜாஸ்தி, அதுல பிளீச்சிங் பவுடரா கொட்டுனா பிஎச் ஏறிக்கிட்டே போகும், 7.5ல போட்ட குளோரின்ல சுமார் பாதி வேலை செய்யும்னா 8ல கால்வாசி தேறுறதே கஷ்டம். அதுக்கு மேல நம்ம ஊரு வெயில். திறந்தவெளி பூல்ல ஸ்டெபிலைசர், அதாவது வெயில்ல குளோரின் போகாம காக்குற மருந்து, இல்லாட்டி காலையில போட்ட குளோரின் மதியத்துக்குள்ள காணாமப் போயிரும், சாயங்கால பேட்ச் பிள்ளைக வெறும் தண்ணியிலதான் எறங்குதுக.

ஆய்வாளர் பாத்தது அன்னைக்கு அந்த நேரத்து தண்ணிய. மத்த நாளைக்கு லாக் புக்க, அதாவது தினம் அளந்து எழுதி வைக்குற நோட்டத்தான் பாக்கணும், தயங்காம கேளுங்க. தினமும் ஒரு தடவைக்கு மேல குளோரினும் பிஎச்சும் எழுதிருக்கணும். மாசம் பூரா 1.5, 1.5, 1.5னு ஒரே பேனாவுல ஒரே நம்பரா இருந்துச்சுன்னா அது மேசையில உக்காந்து எழுதுனது, நிஜத் தண்ணி அப்படி நிக்கவே நிக்காது. டெஸ்ட் கிட்டுன்னு ரெண்டு குழாய் வச்ச சின்ன டப்பா இருக்கும், ஒண்ணுல சொட்டு விட்டா மஞ்ச கலர் வரும், அது குளோரின், இன்னொண்ணுல செவப்பு, அது பிஎச். உங்க கண்ணு முன்னாடி ஒரு தடவ போட்டுக் காட்டச் சொல்லுங்க, ரெண்டு நிமிச வேலை. "கிட்டு தீந்துபோச்சு"ன்னா பீஸத் திருப்பிக் கேளுங்க.

உங்க பங்குக்கு ஒண்ணு, தலைக்கு எண்ணெய் வச்சு அனுப்பாதீங்க, எறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல நல்லா குளிக்க வைங்க.

கேள்வி: ஆய்வுக்கு வர்றவங்க தண்ணிய மட்டும்தான் பாப்பாங்களா? வேற என்ன பாக்கணும்?
- வாசகர், கீழக்கரை

பதில்: வெவரம் தெரிஞ்சவர்னா பாய், வந்ததும் தண்ணி புடிக்க பாட்டில எடுக்க மாட்டாரு, ஆழமான பக்கம் கரையில நின்னு குனிஞ்சு அடியில இருக்குற டிரெய்ன், அதாவது மோட்டார் தண்ணிய இழுக்குற ஓட்டையோட மூடி தெளிவா தெரியுதான்னு பாப்பாரு. தெரியலன்னா அப்பவே பூல மூடணும், ஏன்னா உள்ள ஒரு பிள்ள மூழ்கிக் கெடந்தாலும் மேல நிக்குறவனுக்குத் தெரியாது. அடுத்தது அந்த மூடியே. நம்ம உப்புக்காத்துக்கு ஸ்குரூ துருப்பிடிச்சு மூடி ஆடிக்கிட்டுருக்கும், மோட்டார் இழுக்குற இழுப்புல பிள்ளைக முடியோ கையோ மாட்டுனா பெரியாளு இழுத்தாலும் வராது. அதனால ஒத்த டிரெய்ன் ஆபத்து, இழுப்பு பிரியுற மாதிரி ரெண்டு இருக்கணும், மோட்டார நிறுத்துற சுவிட்ச் கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும். ஏணிக் கம்பி, தண்ணிக்குள்ள எரியுற லைட்டு, எர்த்திங் எல்லாமே உப்புக்காத்துல சீக்கிரம் போற சாமான்.

மருந்து ரூம மறந்துராதீங்க. பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒரே மூலையில வச்சுருந்தா, ரெண்டும் கலந்தா வர்றது விஷ வாயு.

அப்புறம் லைஃப்கார்டு. டிக்கெட் கிழிக்கிறவரே லைஃப்கார்டுன்னா லைஃப்கார்டு இல்லைன்னுதான் கணக்கு.

கேள்வி: கேரளாவுல மூளையத் தின்னுற அமீபான்னு பயமுறுத்துறாங்களே, பூல்லயும் வருமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வெதுவெதுப்பான நல்ல தண்ணியில இருக்குறது அது, கடல்ல வளராது. குடிச்சா வராது, மூக்கு வழியா ஏறுனாத்தான் வரும். 2024ல கேரளாவுல பிள்ளைக செத்தது நெசம். குளோரின் ஒழுங்கா நிக்குற பூல்ல பயப்பட வேண்டியதில்ல, நாள்கணக்கா மருந்து போடாம, மோட்டார் ஓடாம பச்ச புடிச்சுக் கெடக்குற பூலுன்னா காலக்கூட வைக்காதீங்க.

கேள்வி: எங்க பய பாம்பன்ல பாலத்துக்குக் கீழயே நீந்துவான், பூல்ல என்ன ஆயிரப்போகுது?
- வாசகர், பாம்பன்

பதில்: நீச்சல்ல ஒண்ணும் ஆகாதுண்ணே, குதிக்கிறதுலதான் ஆகும். படகுல இருந்து தலகுப்புறப் பாயுற பழக்கத்துல நாலடி தண்ணியில பாஞ்சா கழுத்தெலும்பு முறியும், கை கால் வெளங்காமப் போயிரும். பூலச் சுத்தி ஆழம் எழுதிருக்கும், எறங்குறதுக்கு முன்னாடி அவனையே படிச்சுக் காட்டச் சொல்லுங்க. எழுதலன்னா நகராட்சியிலயோ பஞ்சாயத்துலயோ மனு குடுங்க, அங்க நகரலன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல போயி குடுங்க, போட்டோவும் சேத்து.