சர்ச் குயரில், அதாவது பாடகர் குழுவில், பழைய இசை பாடும் லண்டன் பாடகர்கள் ஹாலிவுட் படங்களுக்கும் பாடுகிறார்களாமே, அது எப்படி?

ஆமாம், பாடுகிறார்கள். 400, 500 வருஷத்துக்கு முந்தைய லத்தீன் பாட்டும் சினிமா கோரஸும் ஒரே தொண்டையிலிருந்து வருவது லண்டனில் சாதாரணம். நான் பாளையங்கோட்டையில் சர்ச் குயரில் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடி வளர்ந்தவன், அதனால் இதில் எனக்கு ஆர்வம் அதிகம்.

முக்கியமான காரணம், நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடிவிடும் பழக்கம். இங்கிலாந்து கதீட்ரல்களில் வாரத்தில் பல நாள் மாலை ஆராதனைக்குக் குயர் பாடும், பாட்டு நாளுக்கு நாள் மாறும், ஒத்திகைக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஏழெட்டு வயதிலேயே அதற்குள் போய் வளர்கிறவர்களுக்குப் புதுத் தாளைக் கண்டு பயமே இருக்காது. எங்கள் குயரில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அக்டோபரிலேயே ஒத்திகை தொடங்குவோம், அதை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு வேண்டியதும் இதுதான். தாள் அன்றைக்குத்தான் கைக்கு வரும், ஹெட்ஃபோனில் தாளத்துக்கான க்ளிக் சத்தம் ஓடும், அதோடு ஒட்டி உடனே பாட வேண்டும்.

அப்புறம் குரல். பழைய இசைக்கு அதிர்வு குறைந்த, நேரான குரல் வேண்டும். டாலிஸ் ஸ்காலர்ஸ் என்ற பழைய இசைக் குழுவில் பெரும்பாலும் ஒரு குரல் பாகத்துக்கு இரண்டே பேர், ஒருவர் குரல் துருத்தினாலும் கெட்டுவிடும். பீட்டர் ஃபிலிப்ஸ் 1973இல் தொடங்கிய குழு அது. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரி சேப்பலில் அவர்கள் பதிவு செய்த அலெக்ரி இசையமைத்த 'மிசரேரே' என்ற லத்தீன் பாட்டைக் கேளுங்கள், பாடகி அலிசன் ஸ்டாம்ப் அந்த உச்ச ஸ்வரத்தைத் தொடும் இடத்தில் எனக்கு இன்னமும் புல்லரிக்கும். 1987இல் ஜோஸ்கன் என்ற பழைய இசையமைப்பாளரின் பாட்டுகளை அவர்கள் பாடிய இசைத்தட்டு கிராமஃபோன் பத்திரிகையின் அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டு விருதை வாங்கியது. பழைய இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

சினிமா பக்கம் பார்த்தால், லண்டன் வாய்ஸஸ் என்ற குழுவும் அதே 1973இல் பிறந்ததுதான். டெர்ரி எட்வர்ட்ஸ் ஆரம்பித்தது. 1999 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக ஜான் வில்லியம்ஸ் இசையில் ஆபி ரோடு ஸ்டூடியோவில் அவர்கள் பாடிய கோரஸ் சமஸ்கிருதத்தில் இருக்கிறது, தெரியுமா? ஒரு பழைய வெல்ஷ் கவிதையின் வரியை மொழிபெயர்த்து, அர்த்தத்தைவிட ஓசையைப் பார்த்து அசைகளை அடுக்கியிருப்பார்கள், அதனால் சமஸ்கிருதம் தெரிந்தவர்களுக்கே பிடிபடாது. லத்தீனில் ஒவ்வொரு உயிரொலியையும் எல்லோரும் ஒரே மாதிரி உச்சரித்துப் பழகிய வாய்க்கு இது பெரிய விஷயமில்லை.

தனிக்குரலாக வெளியே தெரிகிறவர்களும் உண்டு. தி சிக்ஸ்டீன் என்ற பழைய இசைக் குழுவில் பாடியிருக்கும் கிரேஸ் டேவிட்சன்தான் இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டரின் எட்டு மணி நேர 'ஸ்லீப்' (2015) பதிவில் கேட்கும் சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்).

மற்றபடி, படத்தின் டைட்டிலில் பெரும்பாலும் குழுவின் பெயர் மட்டும்தான் வரும். பழைய இசை சிடியோடு வரும் சிறு புத்தகத்திலோ சோப்ரானோ யார், டெனர் யார் என்று ஒவ்வொரு பெயரும் இருக்கும். சிடி வாங்கினால் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.