கூட எழுதியவர்கள் எல்லாரும் புத்தகம் போட்டுவிட்டார்கள், என் நாவல் பாதியில் நிற்கிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறதாவா? நடந்துகொண்டே இருக்கிறது.

கோவில்பட்டியில் நாங்கள் ஐந்து பேர். 2021-ல் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் அந்த வாரம் எழுதியதை அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒருவருக்குச் சிறுகதைத் தொகுப்பு வந்துவிட்டது. இன்னொருவர் கிண்டிலில் குறுநாவல் ஏற்றினார். மூன்றாமவரின் நாவல் இந்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தது. நான்காமவர் எழுதுவதையே விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார். பாக்கி நான்.

காட்சி நடந்த நந்தனத்துக்கு நேரில் போய் அந்த நாவலை வாங்கினேன். நண்பர் முதல் பக்கத்தில் "அடுத்தது உங்களுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்பாகத்தான் எழுதினார். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அச்சுப்பிழை தேடினேன். ஒரு 'ர' இருக்க வேண்டிய இடத்தில் 'ற' கிடைத்தது. ஒரு அற்ப சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்ததே நான்தான்.

பொறாமை வரத்தான் செய்யும், அதை விடுங்கள். மெய்ப்புப் பார்த்ததில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். அந்த நாவலில் கதாநாயகி ஓயாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். தேடலில் போட்டுப் பார்த்தால் 31 இடம். நண்பரைக் கிண்டல் செய்துவிட்டு, சும்மா என் கோப்பிலும் அதே சொல்லைத் தேடினேன். 44. என் ஆட்கள் பெருமூச்சு விடாத நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று வெட்ட ஆரம்பித்தேன். முதல் மூன்று அத்தியாயமும் போயின. 52,000 சொல்லாக இருந்த நாவல் இப்போது 34,000. மூன்று வருட முன்னேற்றம் இது என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

கதை என் அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸைப் பற்றியது. எங்கள் பக்கம் அதை யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். ஆனால் முதல் வரைவு முழுக்கத் 'தொழிற்சாலை' என்று எழுதி வைத்திருந்தேன். குழுவில் ஒருவர், "உங்க அம்மா இப்படியா சொல்லுவாங்க?" என்று ஒரே வரிதான் கேட்டார். வீட்டில் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அம்மா, "இது எந்த ஊருல நடக்கு?" என்றாள்.

இப்படியே போட்டுவிடலாமே என்று தோன்றாமல் இல்லை. முன்பு போல 1,000, 1,200 பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டியதில்லை. பிஓடி முறையில், அதாவது தேவைக்கு ஏற்ப அச்சிடும் முறையில், 50, 100 என்று அடித்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை மத்திய அரசின் முகமை இலவசமாகவே தருகிறது. கிண்டிலில் ஏற்றவும் காசில்லை. இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. கதவு திறந்து கிடக்கிறதே என்று அரைவேக்காட்டோடு உள்ளே போய்விடத் தோன்றும். சிறுகதை நண்பர் அப்படி அவசரப்பட்டவர்தான். இரண்டு கதைகளை எடுத்துவிட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் புலம்புகிறார்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஆறுதலுக்கு உடனே பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ரா.வை (கி. ராஜநாராயணன்) இழுப்பார்கள், அவரும் முப்பதைத் தாண்டித்தானே எழுத வந்தார் என்று. எனக்கு 43. நான் வேறு கணக்கு வைத்திருந்தேன். சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களும் 1966, 1981, 1998 என்று நிதானமாகத்தான் வந்தன. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது, "அவரு மொதல்ல ஒண்ண முடிச்சாருல்ல?" என்று கேட்டுவிட்டு மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

சரி, உங்கள் நண்பர்களுக்கும் மெய்ப்புப் பார்க்க ஆள் தேவைப்படும். நான் பார்க்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். காசு வராது, நன்றிப் பக்கத்தில் பெயர் வரும். எனக்கு இரண்டு புத்தகத்தில் வந்திருக்கிறது. ஒன்றில் எழுத்துப்பிழையோடு. அந்தப் பக்கத்தைக் கடைசி நேரத்தில் சேர்த்ததால் என்னிடம் காட்டவில்லையாம்.