கோர் எட்டு இருந்தும் கேம் ஏன் திணறுகிறது? கேள்வி பதில்

யாங்கோனில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும், அசெம்பிள் செய்து தருவதும் என் தொழில். பிராசசரின் கோர் (உள்ளே தனியாகக் கணக்குப் போடும் பகுதி) செட்டிங்கை மாற்றினால் கேம் வேகமாக ஓடுமா என்று நம் பிள்ளைகள் கேட்பது கூடிக்கொண்டே வருகிறது. கண்ட வீடியோவைப் பார்த்து எதையாவது மாற்றி வைத்துவிட்டு, கடைசியில் இருந்ததும் போய்விட்டது என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். கோர்களுக்கு வேலையைப் பங்கு போடுவதை விண்டோஸ் நன்றாகவே செய்கிறது. நாம் கை வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அவை எவை என்று தெரிந்துகொண்டால் போதும்.

கல்லூரி மாணவர், தாம்வே: அண்ணா, என்னிடம் ஐ5-3470 பிராசசர் இருக்கிறது, நான்கு கோர். மைன்கிராஃப்ட் ஜாவா ஆடும்போது, மாடும் கோழியும் நிறைய வளர்க்கிற பக்கம் போனால் திணறுகிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதிக் கோர்களை எப்படி வேலை செய்ய வைப்பது?

தம்பி, அந்த 35 சதவீதம் நான்கு கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. நான்கு கோரில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடினால் மொத்தம் 25 சதவீதம் என்றுதான் காட்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், படத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்களாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு சின்னக் கட்டங்கள் வரும். அப்போதும் ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே த்ரெட்டை (வரிசையாக ஓடும் ஒரு வேலையை) விண்டோஸ் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் நான்கு கட்டமும் கால்வாசி உயரத்தில் நிற்பது போலத் தெரிந்தாலும், உள்ளே ஒரு த்ரெட் மூச்சு முட்டிக்கொண்டிருக்கலாம்.

மைன்கிராஃப்டில் நடப்பது இதுதான். அந்த உலகம் ஒரு நொடிக்கு 20 முறை துடிக்க வேண்டும், அதாவது ஒரு துடிப்புக்கு 50 மில்லிநொடி. மாடு எங்கே நடக்கிறது, பயிர் வளர்ந்ததா, தண்ணீர் எங்கே பாய்கிறது என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில், வரிசையாக நடக்கிறது. ஒன்றின் விடை தெரியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாத வேலை இது. அன்னதானத்துக்குக் காய் நறுக்க இருபது பேர் வந்தால் சீக்கிரம் முடியும். அண்டாவில் சோறு வேகிற நேரம் எத்தனை பேர் வந்தாலும் அதேதான். கம்ப்யூட்டர் வல்லுநர் ஜீன் அம்டால் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு வேலையில் பாதியைத்தான் பிரித்துச் செய்ய முடியும் என்றால், எத்தனை பிராசசர் போட்டாலும் இரண்டு மடங்கு வேகத்தைத் தாண்ட முடியாது.

ஆகவே மீதிக் கோர்களை எழுப்பிவிட வெளியிலிருந்து ஒரு சுவிட்ச் கிடையாது. கேமை எழுதியவர்கள் வேலையைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, அந்த ஒரு த்ரெட்டின் சுமையைக் குறைப்பது. 1.18 பதிப்பிலிருந்து சிமுலேஷன் டிஸ்டன்ஸ் என்று தனியாக ஒரு செட்டிங் இருக்கிறது, அதைக் குறையுங்கள். லித்தியம் என்ற மாட் (கேமோடு சேர்க்கிற கூடுதல் புரோகிராம்) போட்டால் துடிப்புக் கணக்கு இலகுவாகும், சோடியம் போட்டால் படம் வரைகிற வேலை இலகுவாகும். இரண்டும் இலவசம். ஒரே தொழுவத்தில் நூறு மாடு அடைக்காதீர்கள், அதுவும் உதவும்.

அதே மாணவர்: சரி அண்ணா, மற்ற கேம்களில் தடை பிராசசரா கிராபிக்ஸ் கார்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேமின் ரெசல்யூஷனை நன்றாகக் குறையுங்கள், 1080-ல் ஆடினால் 720 ஆக்குங்கள். ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடையாக இருந்தது, கோர் பக்கமே போக வேண்டாம். ஏறாமல் அப்படியே நின்றால் பிராசசர் அல்லது ரேம். இந்தச் சோதனைக்கு முன்னால் வி-சிங்க்கையும் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் செட்டிங்) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 60-லேயே நின்று உங்களை ஏமாற்றும்.

கடை ஊழியர், பெகு: விண்டோஸ் பூட் செட்டிங்கில் பிராசசர் எண்ணிக்கையை 4 என்று வைத்தால் எல்லாக் கோர்களும் வேலை செய்யும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

உண்மை இல்லை. எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினால் வருகிற அந்தப் பெட்டி, கோர்களைக் குறைத்துச் சோதனை செய்வதற்காக வைத்தது. டிக் இல்லாமல் இருந்தாலே விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்தும்.

ஆனால் செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குகிறவர்கள் அந்த இடத்தை ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் அதில் 2 என்று வைத்துவிட்டால், நான்கு கோர் பிராசசர் காலமெல்லாம் இரண்டில் ஓடும். டாஸ்க் மேனேஜரில் கோர் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் குறைவாகவே இருந்தால் பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் திறக்கிற செட்டிங் பக்கம்) ஆக்டிவ் கோர் என்ற வரியைப் பாருங்கள், ஆல் என்று இருக்க வேண்டும்.

வாசகர், மோல்மீன்: ஃபால்அவுட் 3 பழைய கேம்தான், ஆனால் எட்டு த்ரெட் இருக்கிற என் ஐ7-3770-ல் அடிக்கடி உறைந்து நிற்கிறது. என் தம்பியின் பழைய டூயல் கோரில் ஒழுங்காக ஓடுகிறது. இது என்ன நியாயம்?

இங்கேதான் கோர் செட்டிங் உண்மையிலேயே வேலை செய்யும். ஃபால்அவுட் 3 வந்தது 2008-ல். இரண்டு கோருக்கு மேல் போனால் அதன் எஞ்சின் தடுமாறுவது ஆடினவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டருக்குள் அதன் ஐஎன்ஐ (.ini) என்ற செட்டிங் ஃபைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, த்ரெட் முறை ஏஐ (bUseThreadedAI) வரியை 1 என்றும் ஹார்ட்வேர் த்ரெட் எண்ணிக்கை (iNumHWThreads) வரியை 2 என்றும் வையுங்கள். எண்ணிக்கை வரி இல்லையென்றால் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஃபைலை முதலில் காப்பி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இப்படி ஐஎன்ஐ ஃபைல் இல்லாத பழைய கேம்களுக்கு அஃபினிட்டி (எந்தக் கோர்களில் ஓடலாம் என்று கட்டும் செட்டிங்) இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் கேமின் பெயர் மேல் வலது கிளிக், செட் அஃபினிட்டி, வேண்டிய கோர்களுக்கு மட்டும் டிக். கேமை மூடினால் இது போய்விடும். நிரந்தரமாக வேண்டுமானால் ஸ்டார்ட் கட்டளையோடு அஃபினிட்டி எண் (கோர்களைக் குறிக்கும் ஹெக்ஸ் எண்) சேர்த்து ஒரு ஷார்ட்கட் செய்து வைக்கலாம். எண் 3 என்றால் முதல் இரண்டு லாஜிக்கல் பிராசசர். உங்கள் ஐ7-ல் ஒவ்வொரு கோரும் விண்டோஸுக்கு இரண்டு லாஜிக்கல் பிராசசராகத் தெரியும், அந்த முதல் இரண்டும் ஒரே கோரின் இரண்டு த்ரெட்கள். அதனால் 5 என்று கொடுங்கள், 0-வும் 2-வும் என்று இரண்டு தனிக் கோர்கள் கிடைக்கும். நான்கு தனிக் கோரும் வேண்டுமென்றால் 55.

கேட்கிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்: இதற்காக ஹைப்பர் த்ரெடிங்கை (ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் வசதி) பயாஸில் அணைக்காதீர்கள். இன்றைய கேம்களுக்கு அந்தக் கூடுதல் நான்கு த்ரெட்டும் தேவைப்படும்.

வாசகர், இன்சீன்: என்னிடம் எட்டுக் கோர் எஃப்எக்ஸ்-8350. நண்பனின் நான்கு கோர் ஐ5 கேமில் என்னை முந்துகிறது. செட்டிங் தவறா?

செட்டிங் தவறில்லை. 2012-ல் வந்த அந்தச் சிப்பில் இரண்டிரண்டு கோர்கள் சேர்ந்து ஒரு மாட்யூல். தசமக் கணக்குப் போடும் பகுதி உட்படச் சில பாகங்களை அவை பங்கிட்டுக்கொள்கின்றன. தனித்தனிக் கோராகப் பார்த்தால் அந்தக் காலத்து ஐ5-ன் கோர் வேகமானது. விண்டோஸ் 7 வைத்திருந்தால், இந்தக் குடும்பத்துச் சிப்களுக்காக 2012-ல் வந்த திருத்தத்தைப் போட்டிருக்க வேண்டும். 8-லிருந்து அது உள்ளேயே இருக்கிறது. நான்கு த்ரெட்டுக்கு மேல் போகாத கேம்களில் மேலே சொன்ன அஃபினிட்டி எண் 55 உங்களுக்கும் கொஞ்சம் உதவலாம், மாட்யூலுக்கு ஒரு வேலை என்று ஆகும். வைத்தும் வைக்காமலும் ஒரே இடத்தில் ஆடிப் பாருங்கள்.

பள்ளி மாணவர், தன்லின்: டாஸ்க் மேனேஜரில் கேமின் பிரையாரிட்டியை (முன்னுரிமை) ரியல்டைம் என்று வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. மவுஸ், கீபோர்டு, சவுண்டு எல்லாம் கேமுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிடும், மெஷின் உறைந்தே போகலாம். பின்னால் வேறு புரோகிராம் ஓடினால் ஹை வரை போங்கள், அது போதும்.

ஐடி ஊழியர், யாங்கோன்: ஐ5-8250யு லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஆடத் தொடங்கியதும் நன்றாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் ஃபிரேம் பாதியாகிறது. சித்திரை வெயிலில் இன்னும் மோசம்.

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அந்தச் சிப்புக்குக் கணக்கான மின் அளவு 15 வாட். நான்கு கோர்களும், உள்ளே இருக்கிற கிராபிக்ஸும் இந்த 15 வாட்டைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் சிறிது நேரம் அளவை மீறி ஓட விடும், கோர்கள் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை பாயும், இதுதான் டர்போ. பிறகு கடிவாளம் விழும். அப்போது கோர்கள் டர்போவில் நின்று மின்சாரத்தை இழுத்தால் கிராபிக்ஸுக்கு மிச்சம் இருக்காது. கேமுக்கு முக்கியமாக வேண்டியது கிராபிக்ஸ்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்கில் பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதற்குக் கீழே மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் இருக்கும். 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தான், ஆனால் அதில் டர்போ முழுதாக நின்றுவிடும், கோர்கள் 1.6 பக்கம் ஓடும். மிச்சமாகிற மின்சாரம் கிராபிக்ஸுக்குப் போகும், சூடும் குறையும். கேம் பிராசசரை நம்பியதாக இருந்தால் பலன் எதிர்மாறாகும், அப்போது 100-க்கே திருப்பிவிடுங்கள். சில லேப்டாப்களில் இந்த வரியே கண்ணில் படாது. அப்படியானால் கேமிலேயே 30 அல்லது 40 ஃபிரேம் என்று வரம்பு கட்டுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும். 60-க்கும் 25-க்கும் இடையே தாவுகிற கேமைவிட, 40-ல் சீராக நிற்கிற கேம் கண்ணுக்கும் கைக்கும் எவ்வளவோ நல்லது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமை ஓடவிட்டு ஆடுங்கள். சூட்டினால் வேகம் குறைந்ததா, மின் வரம்பினாலா என்று கோர் வாரியாக ஆம், இல்லை என்று சொல்லும். சூடு 95 டிகிரியைத் தாண்டிப் போகிறதென்றால் செட்டிங்கை விடுங்கள். ஃபேனில் அடைத்த தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும். நம் ஊர் ஏப்ரலில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, காய்ந்துபோன பேஸ்ட் எதையும் தாங்காது. இன்னொன்று, கரண்ட் போய் பாட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சோதனை செய்து முடிவுக்கு வராதீர்கள்.

கேம் கடை நடத்துபவர், தாக்கேத்தா: எங்கள் கடையில் எல்லாம் ரைசன் 3 3200ஜி, 8 ஜிபி ரேம். பையன்கள் டோட்டா 2 ஆடுகிறார்கள், சண்டை கூடும்போது தடுக்குகிறது. கோர் பார்க்கிங்கை (வேலை இல்லாத கோரைத் தூங்க வைப்பது) அணைக்கலாமா? பிங் (சர்வருக்குப் போய் வரும் நேரம்) குறையுமா?

பிங்குக்கும் கோருக்கும் சம்பந்தமே இல்லை அண்ணே. அது உங்கள் லைனும் சிங்கப்பூர் சர்வருக்குப் போகிற வழியும். கோர் பார்க்கிங்கும் இந்த வயதுச் சிப்பில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் தராது.

ஒரு கேஸைத் திறந்து ரேமைப் பாருங்கள். 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் நோய் அதுதான். 3200ஜி-யின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இந்த ரேமிலிருந்துதான் எடுக்கிறது. ஒரே ஸ்டிக் என்றால் பாதை பாதி. இன்னொரு 8 ஜிபி சேர்த்தோ, இரண்டு 4 ஜிபியாக மாற்றியோ போர்டு புத்தகம் சொல்கிற ஸ்லாட்களில் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். எல்லா மெஷினுக்கும் வாங்கிக் குவிக்காமல், ஒன்றில் போட்டுப் பக்கத்து மெஷினோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டோட்டாவின் வீடியோ செட்டிங்கில் வல்கன் என்ற படம் வரைகிற முறையையும் முயன்று பாருங்கள். வரைகிற கட்டளைகளைப் பல கோர்களில் தயார் செய்யும் வசதி அதில் உண்டு.

வாசகர், தட்டோன்: சிங்கப்பூரில் இருக்கும் மாமா ஐ5-12400எஃப் வாங்கி அனுப்புகிறார். 12-வது தலைமுறையில் சின்னக் கோர்கள் கேமைக் கெடுக்கும், விண்டோஸ் 11 கட்டாயம் என்கிறார்கள். அவற்றை அணைக்க வேண்டுமா?

அணைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. 12400எஃப்-ல் இருப்பது ஆறு பெரிய கோர்களும் பன்னிரண்டு த்ரெட்களும்தான். சின்னக் கோர்கள் 12600கே-யிலிருந்து தொடங்குகின்றன. அந்த மாதிரிச் சிப்களுக்கு, வேலையைச் சரியான கோருக்கு அனுப்ப விண்டோஸ் 11 நல்லது. உங்களுக்கு 10 வைத்திருந்தாலும் கேமில் குறை தெரியாது. மாமாவிடம் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: எஃப் என்று முடிகிற சிப்பில் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு போடாமல் திரையில் படமே வராது.

ஒரு தாய், யாங்கோன்: மகன் பிளஸ் டூ படிக்கிறான். கேம் திணறுகிறது, புது பிராசசர் வேண்டும் என்று பிடிவாதம். பழையதை மாற்றத்தான் வேண்டுமா?

அக்கா, பணத்தை எடுப்பதற்கு முன்னால் அவனையே உட்கார வைத்து, முதலில் சொன்ன ரெசல்யூஷன் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஃபிரேம் ஏறினால் பிராசசர் மாற்றுவது வீண் செலவு. ஏறாவிட்டால் ரேம் ஒரே ஸ்டிக்கா என்று பாருங்கள், சூட்டைப் பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்து, பிராசசர் இரண்டு கோர் இரண்டு த்ரெட் மட்டும் உள்ளதாக இருந்தால் அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2014-ல் வந்த ஃபார் க்ரை 4-யே அப்படிப்பட்ட பென்டியம்களில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. அப்போதும் புது போர்டு வாங்க வேண்டாம், அதே போர்டில் உட்காருகிற செகண்ட் ஹேண்ட் நான்கு கோர் ஐ5 ஒன்று தேடலாம். போர்டின் பெயரையும் மாடல் எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.