அளந்த பிறகு எழுதுங்கள்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறேன். வாகனத் துறை பற்றித் தொடர்ந்து எழுத ஆசை. கொழும்பில் நடக்கும் புது வாகன அறிமுகங்களுக்குப் போக வழியில்லை. வீட்டில் இருப்பது அப்பாவின் 100 சிசி மோட்டார் சைக்கிள் மட்டும்தான். எங்கிருந்து தொடங்கலாம்?
– மாணவன், கல்லடி

பதில்: அந்த மோட்டார் சைக்கிளில் இருந்தே தொடங்குங்கள், தம்பி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திரும்பத் திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம் புது வண்டி வராததால் நம் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி பழசு. ஆகவே புது மொடலின் அழகைவிட, கையில் இருக்கும் வண்டியை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் சனம் தேடுகிறது. பெரும்போகம் தொடங்கும்போது அம்பாறைப் பக்கம் லான்ட்மாஸ்டர்களை என்ன பாடுபடுத்துகிறார்கள் என்று யாராவது ஒழுங்காக எழுதினால் முதல் ஆளாக நாங்கள் வாசிப்போம்.

முதல் கட்டுரைக்கு எரிபொருள் சிக்கனத்தை எடுங்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்திலிருந்து எல்லாருக்கும் இந்தக் கணக்கில் அக்கறை உண்டு. ஆனால் சரியாக அளப்பவர் குறைவு.

காலையில், வண்டி ஓடி ரயர் சூடாகுமுன் காற்றைக் கைநூலில் சொன்ன அளவுக்கு வையுங்கள். பெற்றோல் செட்டில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி, தாங்கி வாயின் உள்விளிம்பு வரை நிரப்புங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் மட்டம் மாறிவிடும். ஓடோமீற்றரைக் குறித்துக்கொண்டு வழமைபோல ஓடுங்கள். அடுத்த தடவையும் அதே செட், அதே பம்ப், அதே விளிம்பு.

புதியவர்கள் தவறுவது ஒரே தடவை நிரப்பிக் கணக்குப் போட்டுவிடுவதில்தான். 186 கிலோமீற்றருக்கு 3.4 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 54.7 கிலோமீற்றர். நிரப்பும்போது 0.3 லீற்றர் குறைந்திருந்தால் அதே வண்டி 60 காட்டும். பம்பின் விசை தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் என்பதால் இந்தப் பிழை எளிதில் வரும். மூன்று நிரப்புதலைச் சேர்த்து 558 கிலோமீற்றருக்கு 10.2 லீற்றர் என்று எடுத்தால், அதே 0.3 லீற்றர் பிழை விடையை 56.4க்கு மேல் கொண்டுபோகாது. முதல் மட்டமும் கடைசி மட்டமும் ஒன்றாக இருந்தால் போதும். நடுவில் ஊற்றியதற்கு லீற்றரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஓடோமீற்றரும் பொய் சொல்லும். ஏ4 வீதியில் கல்முனைப் பக்கம் போகும்போது கிலோமீற்றர் கற்களைப் பாருங்கள். பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்கு மீற்றர் 10.4 காட்டினால், உங்கள் 558 உண்மையில் 536.5தான். அப்போது விடை 52.6 ஆகும். இந்தத் திருத்தத்தைச் செய்ததாகக் கட்டுரையில் எழுதுங்கள். வீதி மட்டமானது என்பதையும் எழுதுங்கள். செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறுகிறவருக்கு உங்கள் எண் பொருந்தாது.

விளம்பரத் தாளில் உள்ள எண்களையும் சோதிக்கப் பழகுங்கள். சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர், அடிப்பு (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் தூரம்) 49.5 மில்லிமீற்றர் என்றால், சென்ரிமீற்றருக்கு மாற்றி, பையின் கால்பங்கான 0.7854ஆல் பெருக்குங்கள்: கொள்ளளவு 0.7854 × 5 × 5 × 4.95 = 97.2 சிசி. நாம் '100 சிசி' என்று வாயால் சொல்லும் வண்டிகளில் பலவற்றின் உண்மை அளவு இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் 'முசலம்' என்று படிக்கிறோம். கராஜில் 'பிஸ்டன்' என்கிறார்கள். எதை எழுதுவது?
– மாணவி, அக்கரைப்பற்று

பதில்: பிஸ்டன் என்றே எழுதுங்கள். முதல் தடவை மட்டும் 'பாடநூலில் முசலம் எனப்படும் பிஸ்டன்' என்று சொல்லிவிட்டால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் உதவும். கராஜ் பாஸுக்கு விளங்காத சொல்லில் எழுதினால், பிழை இருந்தாலும் திருத்திச் சொல்ல ஆள் இருக்காது.

கேள்வி: பாவித்த வாகன விலைகளைப் பற்றி எழுதப் போகிறேன். விற்பவர் சொல்லும் வருடத்தை எப்படி நம்புவது?
– மாணவன், கல்முனை

பதில்: உற்பத்தி செய்த வருடமும் இலங்கையில் முதலில் பதிந்த வருடமும் வேறு வேறு. விற்பவர் எது புதுசோ அதைச் சொல்வார். நீங்கள் இரண்டையும் கேட்டு எழுதுங்கள்.

சீஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் இலக்கத்தை வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் ஹாண்டிலுக்குக் கீழே, பிரேமின் கழுத்தில் இருக்கும். இந்திய வண்டிகளுக்கு 17 எழுத்தும் எண்ணும். எம்டி2 என்று தொடங்கினால் பஜாஜ், எம்டி6 என்றால் டிவிஎஸ், எம்ஏ3 என்றால் மாருதி. ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளும் அதில் வரவே வராது. வந்திருந்தால் பிரதி பண்ணியவர் பிழைவிட்டிருக்கிறார், அல்லது அதைவிடப் பெரிய விஷயம். ஜப்பானில் ஓடி வந்த கார்களுக்கு இந்த 17 கிடையாது. வகன்ஆர் என்றால் எம்எச்55எஸ் போன்ற மொடல் குறியும் அதன் பின்னால் தொடர் இலக்கமும் மட்டும்தான். அதைப் பார்த்து மட்டும் வருடம் சொல்ல முனையாதீர்கள்.

ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. 'ரயர் புதுசு' என்ற பேச்சுக்கு அதுதான் சாட்சி. படம் போடும்போது மற்றவரின் சேசிஸ் இலக்கத்தையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பலரின் பைக்குகளில் பற்றரி அடிக்கடி இறங்குகிறது. 'இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பற்றரி மாற்றுங்கள்' என்று ஒரு குறிப்பு எழுதலாமா?
– மாணவன், திருக்கோவில்

பதில்: அப்படி எழுதினால் வாசகரின் காசு வீணாகும். கடற்கரை ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயர் இணைப்பை.

மல்டிமீற்றரை 20 வோல்ட் டீசியில் வைத்து, சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியின் பற்றரியை அளக்கச் சொல்லுங்கள். 12.6 அளவில் இருந்தால் நிறைந்தது. 12.2 என்றால் பாதி. பிறகு ஸ்டார்ட் பண்ணி அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் பற்றரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது, அது பற்றரியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடும்.

ஏறாமல் 12இலேயே நின்றால், ரெகுலேட்டருக்குப் போகும் பிளாஸ்டிக் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று பட்ட செப்பில் பச்சைத் தூள் படிந்திருக்கும். தூள் படிந்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியும் இருக்கலாம். உருகியிருந்தால் கனெக்டரை மாற்ற வேண்டும். வெறும் பச்சை என்றால் கொன்டாக்ட் கிளீனர் அடித்துச் சிறு பிரஷால் தேய்த்து, காயவிட்டு, மெல்லிதாக டைஇலெக்ட்ரிக் கிறீஸ் பூசினால் போதும். உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் இன்னும் வேகமாக அரிக்கும்.

இணைப்புச் சுத்தமாக இருந்தும் ஏறவில்லை என்றால் மட்டும், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் கொயிலுக்குப் போங்கள். கனெக்டரைக் கழற்றிய நிலையில், கொயிலிலிருந்து வரும் மஞ்சள் வயர்களுக்கும் பிரேமுக்கும் இடையே தொடர்பு காட்டக்கூடாது. காட்டினால் கொயில் உள்ளே ஏர்த் ஆகிவிட்டது. ஆனால் சில பழைய சிறு பைக்குகளில் கொயிலின் ஒரு முனையை ஏர்த்திலேயே கொடுத்திருப்பார்கள். அதனால் எந்த மொடலில் அளந்தீர்கள் என்பதைக் குறிப்பின் முதல் வரியிலேயே போடுங்கள்.