அந்த ஒரு 'கூட'

கேள்வி: நன்றாகப் படித்தவர்கள்கூட சகுனம், ஜோதிடம் என்று அலைகிறார்களே, ஏன்? புராணமும் சடங்கும் அறியாமையில் பிறந்தவைதானே?

பதில்: உங்கள் கேள்வியே அந்தக் 'கூட'வில்தான் நிற்கிறது. படிப்பு ஏற ஏற நம்பிக்கை இறங்கும் என்பது உங்கள் நம்பிக்கை. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் வெளியிட்ட சோதனையில் சிக்கிய 39 பேரும் கல்லூரி மாணவர்கள். அதிலும் உளவியல் வகுப்பு!

முதலில் ஒரு வினாத்தாளை நிரப்பச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவரவர் பெயர் போட்ட தாளில் அவரவர் 'குணநலன்' வந்தது: மொத்தம் 13 வாக்கியங்கள். எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பாலான வாக்கியங்கள் பத்திரிகைக் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

நீங்களும் செய்து பார்க்கலாம். வாக்கியத்துக்கு இரண்டு முகம் வேண்டும்: 'சில நேரம் கலகலப்பானவர், சில நேரம் ஒதுங்கிவிடுபவர்.' புகழ்ச்சி தூக்கலாகவும் குறை கிள்ளுப்போலவும் இருக்கட்டும். 'உங்களுக்காகவே தயாரித்தது' என்று சொல்லிக் கொடுங்கள்; 'பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும்' என்றால் மதிப்பெண் இறங்கிவிடும். மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்க விடாதீர்கள். பார்த்துவிட்டால் காரியம் கெட்டது. வாக்கியம் காலி வீடு. சாமானோடு குடியேறுபவர் வாசிக்கிறவர். படித்தவரிடம் சாமான் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அறியாமைக்கு வருவோம். நியூ கினிக்கு அருகே டிரோப்ரியாண்ட் தீவுகளில், முதல் உலகப்போர்க் காலத்தில் தங்கி ஆராய்ந்தவர் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. அங்கே காயலில் நஞ்சு கலந்து மீன் பிடித்தார்கள். ஆபத்தில்லை, மீனும் நிச்சயம். அதற்கு மந்திரம் கிடையாது. திறந்த கடலுக்குப் போனால் உயிரும் உறுதியில்லை, மீனும் உறுதியில்லை. அதற்குத்தான் விரிவான சடங்கு. இரண்டையும் செய்தவர்கள் ஒரே மக்கள். தோட்டத்துக்கும் மந்திரம் உண்டு, ஆனால் களை எடுக்காமல், வேலி கட்டாமல் மந்திரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தவர் யாருமில்லை. கைக்கு எட்டும் வேலையைக் கை பார்த்துக்கொண்டது. எட்டாத இடத்துக்குச் சடங்கு போனது. அறியாமை என்ற பட்டம் இங்கே எங்கே ஒட்டும்?

இந்த இடத்தில் பகுத்தறிவு அன்பர் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் புறாவைப் பறக்கவிடுவார் என்று தெரியும். 1948 கட்டுரை, பசித்த புறாக்கள் 8, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டியது. 6 புறாக்கள் 'மூடநம்பிக்கை' பிடித்தவை ஆயின. அருமையான கதை. ஆனால் 1971இல் ஸ்டாடனும் சிம்மெல்ஹாகும் இதைத் திரும்பச் செய்து நொடி நொடியாகக் கவனித்தார்கள். தீனி வரும் நேரம் நெருங்க நெருங்கப் பெரும்பாலான புறாக்கள் ஒரே வேலையைத்தான் செய்தன: கொத்தல். சுற்றுவது போன்ற மற்ற சேட்டைகள் தீனி வர நேரம் இருக்கும்போது நடந்தவை. தற்செயலாகக் கிடைத்த தீனி ஆளுக்கொரு சடங்கைக் கற்பித்தது என்ற விளக்கம் ஆட்டம் கண்டது. பழைய புறா மட்டும் மேடைக்கு மேடை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதுவும் மூடநம்பிக்கையை ஒழிக்க!

புறாக் கதையோடு கடிதம் போடப்போகும் அன்பர்களும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம்.