தன்னையே இடிக்கும் பந்து

அன்புள்ள சார்,

காலத்தில் பின்னால் போய், அப்பா பிறப்பதற்கு முன்பே தாத்தாவைக் கொன்றுவிட்டால் நான் பிறந்திருக்கவே மாட்டேன். பிறக்காதவன் எப்படிக் கொல்வான்? காலப்பயணம் நடக்காது என்பதற்கு இது ஒன்றே போதாதா? இயற்பியலாளர்கள் ஏன் இன்னும் மெனக்கெடுகிறார்கள்?

கா.

அன்புள்ள கா.,

போதாது என்றே நினைக்கிறேன். உங்கள் கதையில் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் கை நடுங்கலாம், மனம் மாறலாம். அதை எந்தச் சமன்பாட்டில் எழுதுவது? இயற்பியலாளர் ஜோசப் போல்ச்சின்ஸ்கி மனிதனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் பந்தை வைத்தார்.

புழுத்துளை என்பது விண்வெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குச் சுரங்கம்; இதுவரை ஏட்டளவில்தான். அதன் ஒரு வாயை ஒளிவேகத்துக்கு நெருக்கமாக ஓட்டித் திருப்பிக் கொண்டுவந்தால், இரு வாய்களின் கடிகாரங்களும் பிசகிவிடும். ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் முன்னதாகவே வெளிவரலாம். இயற்பியலாளர் கிப் தோர்னும் மாணவர்களும் 1988இல் எழுதியது இது. போல்ச்சின்ஸ்கி கேட்டார்: வெளிவந்த பந்து, உள்ளே போக உருண்டுவரும் தன்னையே இடித்து விலக்கிவிட்டால்? நுழையாத பந்து எப்படி வெளிவந்து இடித்தது? உங்கள் தாத்தாதான், ரத்தமில்லாமல்.

தோர்னின் மாணவர்கள் எச்செவேரியாவும் கிளிங்ஹாமரும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வெளிவரும் பந்து நாம் நினைத்த பாதையில் வருவதில்லை. சற்றே விலகி வந்து, லேசாக உரசுகிறது. கேரம் ஆடியவர்களுக்கு அந்த உரசல் தெரியும். உரசப்பட்ட பந்து கொஞ்சம் திசை மாறினாலும் துளைக்குள் போய்விடுகிறது. அப்படித் திசை மாறிப் போனதால்தான் விலகி வெளிவருகிறது. வட்டம் முரணின்றி மூடிக்கொள்கிறது. முழு இடி விழும் என்று நாம் முன்கூட்டியே முடிவுகட்டியிருந்தோம், அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது அடுத்த பகுதி. ஒரே பந்து, ஒரே தொடக்க வேகம்; ஆனால் இப்படிப்பட்ட முரணற்ற விடைகள் எண்ணற்றவை. இடமும் வேகமும் தெரிந்தால் அடுத்து நடப்பதைச் சொல்லிவிடலாம் என்பது நியூட்டன் காலத்திலிருந்து நாம் நம்பிவந்தது. காலப்பொறிக்கு அருகில் அது உடைகிறது. விடை இல்லாமல் போவதைவிட, விடைகள் அளவுக்கு மிஞ்சி இருப்பதே எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது.

நீங்கள் சொல்வதுபோல் காலப்பயணம் நடக்காமலே போகலாம். ஸ்டீபன் ஹாக்கிங் 1992இல் அப்படித்தான் ஊகித்தார். ஆனால் அவர் தாத்தாவை நம்பி அதைச் சொல்லவில்லை. காலப்பொறி உருவாகும் தறுவாயில் வெற்றிடத்திலும் ஓயாமல் எழுந்தடங்கும் நுண்ணிய குவாண்டம் அலைவுகள் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, அதை உருவாக விடாமல் தடுத்துவிடும் என்பது அவர் வாதம். அதை முழுதாகச் சரிபார்க்க, ஈர்ப்பையும் நுண்ணுலக விதிகளையும் ஒன்றாக விளக்கும் ஈர்ப்பின் குவாண்டம் கொள்கை வேண்டும். அந்தக் கொள்கையைத் தேடித்தான் மெனக்கெடுகிறார்கள்.