ரொக்கோகோ காலத்துத் தேவதை வேட உருவப்படத்தை வீட்டில் மாட்டலாமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

தாராளமாக மாட்டலாம். வீட்டில் யாரோ "இது என்ன கோலம்?" என்று கேட்டிருப்பார்கள், அதுதான் இங்கே வந்திருக்கிறீர்கள். எனக்கும் நடந்தது.

அவை சாமி படங்கள் இல்லை. கிருஷ்ண ஜெயந்திக்குக் குழந்தைக்கு மயிலிறகு செருகிப் படம் எடுப்போமே, அதே சங்கதிதான். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், ரொக்கோகோ என்ற அலங்காரக் கலைப்பாணி கொடிகட்டிப் பறந்த காலத்தில், நாத்தியே என்ற ஓவியர் வசதியான வீட்டுப் பெண்களை இப்படி வேடம் கட்டி வரைந்தார். வில்லும் அம்பறாத்தூணியும் இருந்தால் ரோமானியர்களின் வேட்டைத் தேவதை டயானா. கையில் கூஜா, பக்கத்தில் கழுகு என்றால் தேவர்களுக்கு அமுது ஊற்றும் கிரேக்கத் தேவதை ஹீபி.

நான் இருப்பது அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில். நாத்தியே 1753-இல் ஹீபியாக வரைந்த மேடம் தெ கோமார்த்தன் படம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக் கேன்வாஸில் அச்சடித்தேன். பிரேம் கடைக்காரர் தன்னிடம் இருந்த பூவேலைச் சட்டத்துக்குத் தோதாகப் படத்தை வெட்டிவிட்டார். கழுகுக்குப் பாதி இறக்கை போச்சு! மறுபடி அச்சடித்து, மெல்லிய தங்கநிறச் சட்டம் போட்டேன். படத்தின் அளவுக்குச் சட்டம் செய்யச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து வந்த மாமியார் பார்த்துவிட்டு, "யாரு இவ, பருந்துக்குப் பாயசம் ஊத்துறா?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் காலத்திலேயே கொஷான் என்ற செதுக்கோவியர் இதே விஷயத்தைக் கேலி செய்து எழுதியிருக்கிறார். ஒரு வாரம் போனதும் மாமியார் அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்துதான் காபி குடித்தார். "மூஞ்சி நல்லா இருக்கு, பாவம்" என்றார். அதனால் எந்தத் தேவதை என்று பார்க்காதீர்கள், தினமும் பார்க்கச் சலிக்காத முகமா என்று பாருங்கள்.

'ரவிவர்மா இருக்க இது எதற்கு?' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ரவிவர்மாவும் இருக்கிறார், மாடிப்படி ஓரம்.

வெயில் படும் சுவர் வேண்டாம், சாயம் வெளுக்கும். முகம் நம் கண் மட்டத்துக்கு வரட்டும். ஹாலின் நல்ல சுவரில் மாட்டத்தான் எனக்கும் ஆசை. அங்கே கிரகப்பிரவேசத்துக்கு வந்த கடிகாரங்கள் மூன்று தொங்குகின்றன. மூன்றும் மூன்று நேரம் காட்டும். கொடுத்தவர்கள் வந்தால் கேட்பார்களாம், கழற்றக் கூடாதாம். நாலு வருடமாக ஒருத்தரும் வரவில்லை. ஹீபி இப்போது சாப்பாட்டு மேசைக்கு மேலே.